நீங்கள் ஏறும் விமானத்தைப் பற்றி யாரிடம், என்ன கேட்பது

ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அதே மாடலில் டிக்கெட் போட்டிருக்கேன், ஏறலாமா?" ஏறுங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். பெரிய விமான நிறுவனங்களில் பறப்பது இன்றைக்கும் சாலையில் போவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. 2018இல் போயிங் 737 மேக்ஸ் ஒன்று விழுந்து 189 பேர் இறந்த பிறகுதான், மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று தங்கள் விமானத்தில் இருக்கிறது என்று விமானிகளுக்கே தெரிந்தது என்றால், பயணிக்குப் பயமும் கோபமும் வருவது நியாயம்தானே. அந்தக் கோபத்தை எந்தக் கேள்வியாக மாற்றி எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

செய்தியை எப்படிப் படிப்பது

முதல் இரண்டு நாள் டிவியில் ஓடுவது பெரும்பாலும் ஊகம். பறவை மோதியது, விமானிக்கு அனுபவம் போதாது, பழைய விமானம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் ஒன்றிரண்டு பின்னால் சரியாகவும் அமையலாம், ஆனால் சொல்கிற நேரத்தில் சொல்பவருக்கு அது தெரியாது. அந்த நாட்களில் நான்கு விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: விமானத்தின் சரியான மாடல், அதன் பதிவு எண், எத்தனை வருடம் பறந்த விமானம், எந்த நாட்டு அமைப்பு விசாரிக்கிறது. மற்றது காத்திருக்கலாம்.

அப்புறம், "யார் தவறு?" என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டு "இது முன்பே யாருக்குத் தெரியும்?" என்று கேட்கப் பழகுங்கள். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் டிசி-10 விமானத்தின் கதவு.

1972 ஜூன் 12 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று கனடாவின் வின்ட்சர் நகரப் பக்கம் பறந்துகொண்டிருந்தபோது பின்பக்கச் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே காற்றழுத்தம் சட்டென்று இறங்கியதில் பயணிகள் அறையின் தரை ஒரு பகுதி உள்வாங்கி, அதற்கடியில் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் பாதிக்கப்பட்டன. விமானிகள் எப்படியோ இறக்கிவிட்டார்கள், 67 பேரும் பிழைத்தார்கள். இரண்டே வாரத்தில், அந்த விமானத்தின் உடற்பகுதியைத் துணை ஒப்பந்தத்தில் கட்டிக்கொடுத்த கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இந்தக் கதவு மறுபடி திறந்துகொள்ளும், அப்போது விமானமே போய்விடும் என்று தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். திருத்தும் செலவு யார் தலையில் விழும் என்று கணக்குப் பார்த்து, அந்தக் கடிதத்தை அவர்கள் தயாரிப்பாளரான மெக்டனல் டக்ளஸுக்கு அனுப்பவே இல்லை. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வும் கட்டாய உத்தரவு போடாமல், நிறுவனம் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்ற வாய்வார்த்தையை ஏற்றுக்கொண்டது. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு வெளியே துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10 காட்டுக்குள் விழுந்தது. அதே சரக்கறைக் கதவு. 346 பேர். கதவில் செய்ய வேண்டிய திருத்தம் முடிந்துவிட்டது என்று அந்த விமானத்தின் ஆவணத்தில் முத்திரை வேறு குத்தியிருந்தார்கள். செய்யவில்லை.

இப்போது போயிங் 737 மேக்ஸுக்கு வாருங்கள். 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் கிளம்பிய ஆறே நிமிடத்தில் விழுந்து 157 பேர். கூட்டிப் பாருங்கள், அதே 346. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நடந்தது இதுதான். பழைய 737இன் உடலில் பெரிய என்ஜின்களைப் பொருத்த வேண்டியிருந்ததால் அவற்றை இறக்கைக்கு முன்னால், கொஞ்சம் உயரத்தில் தள்ளி மாட்டினார்கள். அதனால் சில சமயம் விமானத்தின் மூக்கு தேவைக்கு மேல் தூக்கும் போக்கு வந்தது. அதைத் தானாகவே அழுத்திக் கீழே கொண்டுவர எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். இறக்கை எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்று சொல்லும் சென்சார் விமானத்தில் இரண்டு இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று தப்பாகச் சொன்னால் மென்பொருள் மறுபடி மறுபடி மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். விமானிகளின் கையேட்டில் இதைப் பற்றி விளக்கமே இல்லை.

சரி, யாருக்கு முன்பே தெரியும்? லயன் ஏர் விமானம் விழுவதற்கு முந்தின நாள் அதே விமானத்தில், பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு வரும்போது இதே கோளாறு வந்தது. விமானி அறையில் சும்மா உட்கார்ந்து வந்த மூன்றாவது விமானியின் யோசனைப்படி மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டிருந்த மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துத் தப்பித்தார்கள். மறுநாள் காலை அதே விமானம், வேறு விமானிகளோடு கிளம்பியது. அந்த விபத்துக்குப் பிறகு, 2018 டிசம்பரில், எஃப்.ஏ.ஏ. தானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது: மென்பொருளைத் திருத்தாமல் விட்டால் இந்த மாடலின் ஆயுளுக்குள் 15 விபத்துகள் வரை நடக்கலாம் என்று விடை வந்தது. விமானங்கள் பறந்துகொண்டேதான் இருந்தன. அடுத்த விபத்து மூன்று மாதத்தில்.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் கதவும் அப்படித்தான். 2024 ஜனவரி 5, போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய 737 மேக்ஸ் 9, சுமார் 16,000 அடி உயரத்தில், அவசரவழி இருக்க வேண்டிய இடத்தை அடைக்கும் பலகை பிடுங்கிக்கொண்டு போய் ஒரு வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே இல்லை. பக்கத்திலிருந்த ஆணிகளைச் சரிசெய்யப் பலகையைக் கழற்றியவர்கள் அதை எந்த ஆவணத்திலும் பதியவில்லை, அதனால் திரும்ப மாட்டியது சரியா என்று பார்க்க யாரும் வரவில்லை. ஆகவே அடுத்த முறை செய்தி படிக்கும்போது தேதிகளைத் தேடுங்கள். கோளாறு முதலில் எந்தத் தேதியில் எழுத்தில் வந்தது, அந்தக் காகிதம் யார் மேசைக்குப் போனது, அவர் என்ன செய்தார்.

விசாரணை அறிக்கையைக் கையில் எடுப்பது

பலர் இதைச் செய்வதே இல்லை, செய்தால் ஒரு மணி நேரம்தான் ஆகும். உலக விமானப் போக்குவரத்து விதிகளின் 13ஆம் இணைப்புப்படி, விசாரிக்கும் நாடு 30 நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை தர வேண்டும். இறுதி அறிக்கை முடிந்தால் ஒரு வருடத்துக்குள், முடியாவிட்டால் ஒவ்வொரு வருட நினைவு நாளிலும் இடைக்கால அறிக்கை. அதே விதி, விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்றும் சொல்கிறது. முதற்கட்ட அறிக்கையில் "காரணம்" இருக்காது, நடந்தவை மட்டும் இருக்கும்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171இன் முதற்கட்ட அறிக்கை எப்படிப் படிக்கப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்தும் நிலைக்குப் போயின, ஒரு விமானி ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார், இன்னொருவர் நான் நிறுத்தவில்லை என்கிறார். அதில் அதிகம் பேசப்பட்ட பகுதி இவ்வளவுதான். யார் குரல் எது என்று அதில் இல்லை, ஏன் என்றும் இல்லை. ஒரே நாளில் இறந்தவர்களைக் குற்றவாளியாக்கியவர்களும் இருந்தார்கள், தயாரிப்பாளரைக் குற்றவாளியாக்கியவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட அறிக்கை வரும்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அறிக்கை சொல்வதையும் வலப்பக்கம் சொல்லாமல் விட்டதையும் எழுதுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். இறுதி அறிக்கை வரும்போது வலப்பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு படிக்க வேண்டும், அந்தக் கேள்விகளில் எது பதிலில்லாமல் நழுவிவிட்டது என்று அப்போது தெரியும்.

டிக்கெட் போடும் முன்

முன்பதிவுப் பக்கத்தில் பயண விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் விமான மாடல் இருக்கும். 737-8 என்று போட்டிருந்தால் அது மேக்ஸ் 8தான், 737-800 என்பது பழைய வேறு மாடல். இரண்டு பூஜ்யம் கூடினால் வேறு விமானம், இதைக் கவனிக்காமல் குழம்புகிறவர்கள் நிறைய. ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, ஆகவே மாடலை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஏறிய பிறகு இருக்கைப் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டையில் மாடல் எழுதியிருக்கும். பதிவு எண் விமானத்தின் பின்பகுதியில், வெளிப்புறம் பெயின்ட்டில் இருக்கும், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அதைப் போட்டால் அந்த விமானம் சமீபத்தில் எங்கெல்லாம் போய்வந்தது என்று பார்க்கலாம்.

என் கருத்தில் மாடலைவிட அதைப் பராமரிப்பது யார் என்பது முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் தன் வானில் நுழையத் தடைசெய்த விமான நிறுவனங்களின் பட்டியலை 2006 முதல் வெளியிடுகிறது, இலவசமாகப் பார்க்கலாம். உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் பாதுகாப்புத் தணிக்கையில் தேறிய நிறுவனங்களின் பதிவேடும் திறந்தே இருக்கிறது. அறிமுகமில்லாத நிறுவனத்தில் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

உள்ளே உட்கார்ந்ததும்

அலாஸ்கா விமானத்தில் பலகை பறந்தபோது அதற்குப் பக்கத்து ஜன்னல் இருக்கை அதிர்ஷ்டவசமாகக் காலி. அதற்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்த பையனின் சட்டை உடம்பிலிருந்து உருவிக்கொண்டு வெளியே போனது, பையன் உள்ளே இருந்தான், பெல்ட் போட்டிருந்தான். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைத் தளர்வாகவாவது போட்டே இருங்கள் என்று சொல்வதற்கு எனக்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

உங்கள் இருக்கையிலிருந்து முன்னால் ஒரு அவசரவழி, பின்னால் ஒரு அவசரவழி, இரண்டுக்கும் எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள், புகையில் கண் தெரியாது, கைதான் வழிகாட்டும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்றாதீர்கள். அவசரமாக வெளியேறச் சொன்னால் பையை எடுக்கவே எடுக்காதீர்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள், மேலே இருந்த பைகளை அப்படியே விட்டுவிட்டு. மோதிய கடலோரக் காவல் விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள், அதையும் மறக்கக் கூடாது.

குறை கண்டால் எழுத்தில் கொடுங்கள்

ஒருமுறை இரவுப் பயணத்தில், உட்கார்ந்ததும் பழக்கப்படி இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். உயிர்காக்கும் சட்டையின் உறை இருந்தது, ஒட்டுப்பட்டை பிரிந்து தொங்கியது, உள்ளே கை விட்டால் காலி. பணியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தப் பாதையில் கடல் கொஞ்ச தூரம்தான், கவலைப்படாதீர்கள் என்றார் அவர். சத்தம் போடாமல், சட்டை வந்த பிறகு கிளம்பலாமே என்றேன். மூத்த பணியாளர் டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போய் உபரிச் சட்டை ஒன்றை எடுத்துவந்து வைத்தார், அப்புறம் பயணிகள் அறைக் குறைகளை எழுதும் பதிவேட்டைத் திறந்து இருக்கை எண்ணை எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் மின்னஞ்சல் எழுதினேன். மூன்று வாரம் கழித்து "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில். திரும்ப எழுதினேன், இந்த முறை ஒரே கேள்வி: அந்த இருக்கையின் சட்டை கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது? அந்தக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வந்தது. முழு விமானத்தையும் பார்த்ததில் இன்னும் இரண்டு இருக்கைகளில் சட்டை இல்லையாம்.

ஆகவே புகார் எழுதும்போது "பாதுகாப்பே சரியில்லை" என்று எழுதாதீர்கள், அதற்கு நன்றி மட்டும்தான் வரும். விமான எண், தேதி, இருக்கை எண், முடிந்தால் பதிவு எண், ஒரு படம், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார், இவ்வளவையும் போட்டு, கடைசியில் தேதியோ பெயரோ பதிலாக வரக்கூடிய ஒரே ஒரு கேள்வி. பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை நாட்டின் விமான ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்புங்கள்.

தயாரிப்பாளரை எங்கே பிடிப்பது

பயணிக்கும் தயாரிப்பாளருக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது, அதுதான் சிக்கலே. பன்னாட்டுப் பயணத்தில் இறப்போ காயமோ ஏற்பட்டால் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பொறுப்பு விமான நிறுவனத்துடையது. 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, தன் மேல் தவறில்லை என்று சொல்லி அது தப்பிக்க முடியாது, அதற்கு மேலும் கேட்கலாம், ஆனால் அங்கே நிறுவனம் வாதாட இடமுண்டு. வழக்குப் போட இரண்டே வருடம்தான். தயாரிப்பாளர் மீதான வழக்கு, குறையுள்ள பொருளை விற்றதற்கான தனி வழக்கு. துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் யாராவது காகிதத்தை நீட்டினால், அதில் தயாரிப்பாளர் மீதான உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களா என்று வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடக் கூடாது. இதைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

குற்றவியல் பக்கம் நிலைமை வருத்தமாகத்தான் இருக்கிறது. 2021 ஜனவரியில் போயிங் 250 கோடி டாலருக்கு அமெரிக்க அரசோடு உடன்பாடு செய்துகொண்டது, அதில் 177 கோடி விமான நிறுவனங்களுக்கான இழப்பீடு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50 கோடி. மேக்ஸ் விவகாரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட தனிமனிதர் போயிங்கின் முன்னாள் தொழில்நுட்ப விமானி ஒருவர் மட்டும்தான், அவரையும் 2022இல் நடுவர் குழு விடுவித்தது. பதவி இழந்த தலைமை நிர்வாகி டெனிஸ் முய்லன்பர்க் சுமார் 6 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளோடும் ஓய்வூதியத்தோடும் போனார்.

ஆனாலும் குடும்பங்கள் விடவில்லை. 2019 அக்டோபர் 29, லயன் ஏர் விபத்தின் முதல் நினைவு நாள், அமெரிக்க செனட் விசாரணையில் முய்லன்பர்க் உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் இறந்தவர்களின் படங்களை உயர்த்திப் பிடித்தபடி குடும்பத்தினர் இருந்தார்கள். விமானங்களுக்குச் சான்றிதழ் தரும் வேலையில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரின் ஊழியர்களிடமே ஒப்படைக்கும் முறையை இறுக்கி 2020 டிசம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது, அதற்குப் பின்னால் இந்தக் குடும்பங்களின் அலைச்சல் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. ஒரு மாடலில் குறை கண்டால் எஃப்.ஏ.ஏ.வும் ஐரோப்பாவின் ஈயாசாவும் கட்டாயத் திருத்த உத்தரவு போடுகின்றன, எல்லாமே இணையத்தில் திறந்து கிடக்கின்றன, மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். மிக அவசரம் இல்லாதவற்றை முதலில் வரைவாக வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். அமெரிக்காவில் இது ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் நடக்கிறது, எந்த நாட்டவரும் எழுதலாம். வரைவில் முதலில் பார்க்க வேண்டியது திருத்தத்துக்குக் கொடுத்திருக்கும் கால அவகாசம். எத்தனை மாதம், எத்தனை முறை பறக்கும்வரை, அந்த எண் எந்தக் கணக்கில் வந்தது என்று எளிய ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினால் போதும், வரைவோடு தொடர்புள்ள கருத்துகளுக்கு இறுதி உத்தரவில் அவர்கள் பதில் எழுதுவார்கள், விமான நிறுவனங்களும் தயாரிப்பாளரும் அவகாசத்தைக் கூட்டக் கேட்டு எழுதியிருப்பதும் அதே இடத்தில் தெரியும். பெரும்பாலும் 45 நாள்தான் தருவார்கள், கடைசித் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.